முப்பத்தொரு தொப்பிகள்

கோவில்பட்டியிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் இடைப்பட்ட சிற்றூர்களிலிருந்தும் புறப்பட்டு, பன்னிரண்டு நாளில் ஏழு தேசம் பார்க்கப் போன முப்பத்தொரு பேர் தலையிலும் ஒரே மாதிரி மஞ்சள் கம்பளித் தொப்பி இருந்ததற்குக் காரணம் கோமதியம்மாள். முதல் நாள் போய் இறங்கிய விமான நிலைய வாசலில் எல்லாரும் பஸ் ஏறி உட்கார்ந்ததும், கூட்டிப்போன தூத்துக்குடி ததேயுஸ் இருக்கைகளின் முதுகைத் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆளை எண்ணிக்கொண்டே வந்தான். எட்டாவது இருக்கையில் கோமதியம்மாள் அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“மனுசரை இப்படி விரல் நீட்டி எண்ணாத தம்பி. எங்க வீட்டுல பிள்ளைகளைக்கூட எண்ண மாட்டோம்.”

“எண்ணாம எப்படிம்மா? யாரையாவது விட்டுட்டுப் போயிட்டா?”

“வேற எதையாவது எண்ணு. உனக்கா தெரியாது?”

பின்னிருக்கைகளில் இருந்தவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அன்று சாயங்காலமே ததேயுஸ் ஒரு தெருக்கடையில் முப்பத்தொரு மஞ்சள் தொப்பி வாங்கி ஆளுக்கொன்று மாட்டிவிட்டான். அதற்குப் பிறகு அவன் யாரையும் எண்ணவில்லை, தொப்பியைத்தான் எண்ணினான்; கோட்டை வாசல்களிலும் படகுத்துறைகளிலும் தேவாலயப் படிகளிலும் முப்பத்தொன்று இருந்தது; யாருக்கும் ஆயுசு குறையாமல் ஐந்து தேசம் கடந்தது.

ஆறாவது தேசத்தில் அந்தப் பழைய நகரத்துக்கு வந்தார்கள். ஊரின் பெயரை ததேயுஸ் ஒரு விதமாகவும் டிரைவர் ஒரு விதமாகவும் ஓட்டலில் இருந்த பெண் ஒரு விதமாகவும் சொன்னதால், நம்மவர்கள் அதை மணிக்கூண்டு ஊர் என்று வைத்துக்கொண்டார்கள். செண்பகவல்லி டீச்சருக்கு மட்டும் அதன் பெயர் தெரியும். முப்பது வருஷம் பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தியவள்; அந்த ஊரையும் அதை வளைத்துக்கொண்டு ஓடும் ஆற்றையும் பிரம்பின் நுனியால் எத்தனையோ முறை தொட்டுக் காட்டியிருக்கிறாள். படத்தில் நீலமாக ஓடிய ஆறு நேரில் ஆறிப்போன காப்பி நிறத்தில் இருந்தது. தெருக்களில் பாவியிருந்த கற்கள் எத்தனையோ தலைமுறைக் கால்கள் பட்டு நடுவில் குழிந்து, ஓரத்தில் மட்டும் கல்லாக இருந்தன. ஒவ்வொரு வீட்டு ஜன்னலுக்கு மேலும் ஒரு கல்முகம். சில சிரித்தன, சில வாயைத் திறந்துகொண்டிருந்தன, எல்லாம் தெருவில் போகிறவர்களையே பார்த்தன. இந்த ஊரில் பார்க்க வந்தவர்களைவிடப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம் என்று அவள் நினைத்தாள், அதைச் சொல்ல வாயெடுத்தாள், ஆனால் அவள் கணவர் குற்றாலிங்கம் வழக்கம்போலப் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பேச்சு குறைவு. ஆறு தேசத்தில் அவர் பஸ்ஸுக்குள் பேசியது மூன்றே வாக்கியம், அதில் இரண்டு ஜன்னலைச் சாத்தச் சொல்லி.

அன்று மத்தியானம் அருங்காட்சியகம் போனார்கள். ஒரு காலத்தில் அரண்மனையாக இருந்த கட்டிடம். அறைக்குப் பின் அறை திறந்துகொண்டே போனது. ராஜா படுத்த கட்டில் ஒன்று குழந்தைக் கட்டில் மாதிரி குட்டையாக இருந்தது, ராணியின் தந்தச் சீப்பில் மூன்று முடி அப்படியே சிக்கியிருந்தது, ஏழு வயதுப் பிள்ளைக்குச் செய்த இரும்புக் கவசம் ஒன்று தலையில்லாமல் நின்றது. செத்தவர்கள் சாமானைத் தொடக்கூடாது என்று நம் ஊரில் ஒதுக்கி வைப்பார்கள், இங்கே கண்ணாடி போட்டு விளக்கு வைத்திருக்கிறார்கள் என்று கோமதியம்மாள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

கடைசி அறையில் சுவர் முழுக்க ஒரே ஓவியம், நானூறு வருஷம் பழையது. வெளியே ஓடிய அதே ஆறுதான், உறைந்து கிடந்தது. பனியின் மேல் ஜனங்கள் சறுக்கினார்கள், விறகு சுமந்தார்கள், ஒரு நாய் குரைத்தது, ஒரு பெண் மூட்டையை இறக்கி வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். எல்லாருக்கும் முன்னால், நமக்கு முதுகைக் காட்டியபடி, கறுப்பு அங்கி போட்ட ஒரு ஆள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்தைப் பார்த்து நின்றான். குற்றாலிங்கம் அதற்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

“நீ போய்ப் பார்த்துட்டு வா. நான் இங்க இருக்கேன்.”

பக்கத்து அறையில் பழைய வரைபடங்கள் இருந்தன. நம் கடற்கரையை எவனோ ஒரு மாலுமி காதால் கேட்டு வரைந்து, ராமேஸ்வரத்தை இரண்டு தீவாகப் போட்டிருந்தான். அந்தத் தப்பைப் பார்த்துக்கொண்டே செண்பகவல்லி அரைமணி நேரம் நின்றுவிட்டாள். நாலரை மணிக்கு வாசலில் ததேயுஸ் தொப்பிகளை எண்ணினான். முப்பத்தொன்று. பஸ் கிளம்பியது.

பாலத்தருகே சிவப்பு விளக்குக்கு நின்றபோதுதான் அவளுக்குக் குளிர்ந்தது. பக்கத்தில் யாரோ ஐஸ்பெட்டியைத் திறந்து வைத்ததுபோல் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தது. குனிந்து பார்த்தாள், பக்கத்து இருக்கைக்குக் கீழே ஈரமான மரச்செருப்புகள் இருந்தன, அவற்றைச் சுற்றி ஒரு சின்னக் குளம். அங்கியின் முதுகு மடிப்பு மடிப்பாக, நூல் தெரிய, அத்தனை அழகாக இருந்தது. முன்பக்கத்தில் பித்தான் இல்லை, பை இல்லை, அவசரத்தில் ஒரே நிறத்தைத் தடவிவிட்ட மாதிரி இருந்தது. மஞ்சள் தொப்பிக்குக் கீழே முகமும் இருந்தது. ஆனால் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்தால், என்ன பார்த்தோம் என்பது நினைவில் நிற்கவில்லை.

“தம்பி, பஸ்ஸை நிறுத்துங்க. இது எங்க வீட்டுக்காரங்க இல்லை.”

ததேயுஸ் வந்தான். அந்த ஆளைப் பார்த்தான், பிறகு முன்னாலிருந்து பின்னால்வரை தொப்பிகளைப் பார்த்தான்.

“முப்பத்தொண்ணு சரியா இருக்கே டீச்சர்.”

“தொப்பி அவுகளோடதுதான். தலை வேற.”

பஸ் திரும்பியது. சாத்துகிற நேரம். கடைசி அறையில் சாம்பல் நிறச் சட்டை போட்ட காவல்காரி ஒருத்தி, இடுப்பில் சாவிக்கொத்துடன், ஓவியத்தில் இருந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் விரல் நீட்டித்தான் எண்ணினாள். கறுப்பு அங்கிக்காரன் நின்ற இடத்தில் வழுக்கைத் தலையும் சாம்பல் ஸ்வெட்டருமாக ஒருவர் முதுகைக் காட்டி நின்றார். இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. செண்பகவல்லிக்கு அந்தத் தோளைத் தெரியும். முப்பத்தெட்டு வருஷமாக அதன் பின்னால்தான் அவள் கடைவீதிக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்திருக்கிறாள்.

ததேயுஸ் நிறைய நேரம் காவல்காரியிடம் பேசினான். அவள் பதறவில்லை. மழை வருமா என்று கேட்டவருக்குப் பதில் சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

“என்ன சொல்லுதாங்க?”

“நாற்பத்தேழு பேர் இருக்கணுமாம், நாற்பத்தேழு இருக்காங்களாம். அவங்க பக்கம் எண்ணிக்கை சரிங்கறாங்க. ரொம்ப நேரம் உட்கார்ந்து பார்க்கிறவங்களுக்கு எப்பவாவது இப்படி ஆகுமாம். போன வருஷம் படத்துல இருந்த ஒரு நாய் வெளியே போயிட்டுதாம். பதிலுக்கு யாரோ ஒரு அம்மாவோட குடை உள்ளே போயிட்டுதாம். அதுக்குத்தான் ரொம்ப அலைஞ்சாங்களாம். இதுல ஆளுக்கு ஆள் இருக்கறதால புகார் எழுதிக்க மாட்டாங்களாம்.”

“எப்படி வெளியே வருவாக?”

“அவரா திரும்பினா உண்டாம். நாம இழுக்க முடியாது, கண்ணாடி இருக்கு.”

நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு அவர்கள் ஏழாவது தேசத்துக்குப் புறப்பட வேண்டும். அதற்குள் அவர் திரும்ப வேண்டும். செண்பகவல்லி கண்ணாடிக்குப் பக்கத்தில் போய், “என்னங்க” என்றாள். அந்த முதுகு அசையவில்லை. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

பஸ்ஸில் இருந்தவன் இறங்க மறுத்துவிட்டான். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்த அரண்மனைப் பக்கமே பார்க்காமல் தலையைக் குனிந்திருந்தான். நானூறு வருஷம் பனியில் நின்றவனை இறங்கச் சொல்ல எவருக்கும் மனசு வரவில்லை. அன்று ராத்திரி செண்பகவல்லி கோமதியம்மாள் அறையில் படுத்துக்கொண்டாள். ஓட்டலில் குற்றாலிங்கத்தின் பாஸ்போர்ட்டைப் பார்த்த பெண் அந்த ஆளையும் பார்த்துத் தலையாட்டிச் சாவியைக் கொடுத்தாள். முகம் நினைவில் நிற்காதவனுக்கு எந்தப் படமும் பொருந்திவிடுகிறது.

மறுநாள் பூங்கா. ராஜாக்கள் வேட்டையாடிய காடாம், இப்போது புல்லை மட்டமாக வெட்டி, மூக்கு உடைந்த சிலைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். மரங்கள் கூடப் படம்போல நேர் வரிசையில் நின்றன. குளத்தில் அன்னங்கள் சத்தமே இல்லாமல் போயின, தண்ணீரில் அவற்றின் நிழல் ஒரு கணம் பின்தங்கி வந்தது. புல்லில் பெட்ஷீட் விரித்து, கூட வந்த சமையல்காரர் சுடலைமுத்து புளியோதரைச் சட்டியைத் திறந்தார். அந்த ஆள் தள்ளி நின்றான்.

“அவருக்கும் ஒரு தட்டு வைங்க,” என்றாள் கோமதியம்மாள். “பசிக்காதா பாவம், எத்தனை வருஷப் பசியோ.”

அவன் சாப்பிட்டான். நாரத்தங்காய் ஊறுகாயை நாக்கில் வைத்ததும் கண்ணீர் கொட்டியது, ஆனாலும் இன்னும் கேட்டுக் கையை நீட்டினான். சுடலைமுத்து பூரித்துப்போனார். “பாத்தீங்களா டீச்சரம்மா, வெள்ளைக்காரனா இருந்தாலும் நாக்கு நம்ம நாக்கு!” இரண்டாம் கை எடுத்ததும் அவனுக்குப் ‘போதும்’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். அவன் குரல் ஓட்டைப் பானைக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. சொன்னதும் எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு அண்ணாச்சி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். படி ஏற முடியாத கோமதியம்மாளை அண்ணாச்சி அலாக்காகத் தூக்கி மணிக்கூண்டின் முதல் தளத்தில் இறக்கிவிட்டான்; போட்டோ எடுக்கும்போது எல்லார் பைகளையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்; பாலத்தில் காற்றடித்தபோது பெண்களுக்குக் காற்று மறைவாக முதுகைக் காட்டி நின்றான். அவன் முதுகை எல்லாரும் மெச்சினார்கள். என்ன நேர்த்தி, என்ன மடிப்பு.

“பழைய சாரைவிட இவரு தேவலைதான்,” என்று யாரோ சிரிப்போடு சொன்னது செண்பகவல்லியின் காதில் விழுந்தது.

“டீச்சர் காதுல விழப்போகுது.”

“விழட்டுமே. அவரு ஒரு நாளாவது ஒரு பையைத் தூக்கினாரா?”

சாயங்காலத்துக்குள் அண்ணாச்சி என்பதும் போய், குற்றாலிங்கம் சார் என்று கூப்பிடுவது ஆகிவிட்டது. யாரும் தீர்மானித்துச் செய்யவில்லை. தொப்பிக்கு அந்தப் பெயர்தானே. அவனும் அதற்குத் திரும்பிப் பார்த்தான்.

செண்பகவல்லி போனை எடுத்து, முதல் தேசத்திலிருந்து வரிசையாகப் படங்களைத் தள்ளிப் பார்த்தாள். கோட்டை முன்னால் அவர், நீரூற்று முன்னால் அவர், படகில் அவர். ஸ்வெட்டர் இருந்தது, தொப்பி இருந்தது, நடுவில் முகம் இருந்த இடம் தண்ணீரில் கரைத்த சுண்ணாம்புபோல வெளிறிக்கொண்டு வந்தது. பழைய படங்களிலும் அப்படித்தான். மகன் கல்யாணப் படத்தில் அவர் கட்டியிருந்த தலைப்பாகைக்குக் கீழே வெறும் வெளிச்சம் இருந்தது.

“அக்கா, எங்க வீட்டுக்காரங்க முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“இல்லாம என்ன? ஆறு தேசமா பாக்கேன்.” கோமதியம்மாள் யோசித்தாள். “நல்ல முகம். மூக்கு... இந்த... நீதான் சொல்லேன், உன் வீட்டுக்காரரு.”

செண்பகவல்லி கண்ணை மூடினாள். வழுக்கை வந்தது. பிடரியில் இருந்த மடிப்பு வந்தது. காதின் பின்பக்கம், சட்டைக் காலரின் அழுக்குக்கோடு, இறங்கிய இடது தோள், எல்லாம் வந்தது. எவ்வளவு முயன்றும் அவரை இந்தப் பக்கம் திருப்ப அவளால் முடியவில்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. ஆள் போனால் நினைக்க ஒரு முகமாவது மிஞ்சும். நாளைக்குள் அவர் திரும்பாவிட்டால், தான் யாரைத் தொலைத்தோம் என்பதே தெரியாமல் அவள் ஊர் திரும்பி, இந்தக் குளிர்ந்த மனிதனுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பாள். அவனும் நல்லவனாகவே இருப்பான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அருங்காட்சியகம் திறந்ததும், முப்பது மஞ்சள் தொப்பிகள் கடைசி அறைக்குள் நுழைந்தன. டீச்சர் தனியாகப் போகவேண்டாம் என்று எல்லாரும் கூடவே வந்துவிட்டார்கள். அவன் மட்டும் பஸ்ஸில் இருந்தான்.

“சார்! பஸ் கிளம்பப் போகுது சார்!” என்றான் ததேயுஸ்.

“சார், சூடா இட்லி!” சுடலைமுத்து தூக்குச் சட்டியின் மூடியைத் திறந்து கண்ணாடிக்கு எதிரே பிடித்தார். கண்ணாடியில் ஆவி படிந்தது. காவல்காரி ஒரு துணியைக் கொண்டுவந்து கொடுத்தாள், அவரே துடைத்துவிட்டார்.

“யோவ் குற்றாலிங்கம்!” கோமதியம்மாளுக்கு எண்பது வயது, அவள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். “பெண்டாட்டியைத் தேசாந்திரத்துல நிறுத்திட்டு அங்க என்னய்யா வேடிக்கை? திரும்புமய்யா!”

ஓவியத்து நாய் குரைத்தபடியே இருந்தது. மூட்டைக்காரி மூச்சு வாங்கியபடியே இருந்தாள். முதுகு முதுகாகவே இருந்தது. ஒன்பதே முக்காலுக்குச் சாமான் ஏற்ற வேண்டும் என்று ஒவ்வொருவராகப் போனார்கள். போகும்போது பெண்கள் டீச்சரின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள், துக்க வீட்டில் செய்வதுபோல. “வந்துருங்க டீச்சர். பஸ்ஸுலதான் ஒருத்தர் இருக்காருல்ல,” என்றாள் ஒருத்தி, ஆறுதலாகத்தான்.

அறையில் அவளும் காவல்காரியும் மட்டும். செண்பகவல்லி நின்றுகொண்டே இருந்தாள். கால் கடுத்தது. பயணத்துக்கென்று வாங்கிய கான்வாஸ் ஷூவும் காலுறையும் தினமும் பன்னிரண்டு மணி நேரம் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. இந்த ஏழு நாளாகத் தன் காலடி தனக்கே கேட்கவில்லை என்பது அப்போது அவளுக்கு உறைத்தது. குனிந்து இரண்டையும் கழற்றி பெஞ்சுக்குக் கீழே வைத்தாள். மரத்தளத்தில் வெறுங்காலை ஊன்றியதும் மெட்டி ‘டக்’ என்றது. அந்தப் பெரிய அறை அதைத் திருப்பிச் சொன்னது.

அவர் ஒருநாளும் கூப்பிட்டுத் திரும்பியவர் இல்லை. கடைவீதியில் கூப்பிட்டால் நடையைக் கூட்டுவார். ஆனால் பின்னால் வரும் இந்தச் சத்தம் நின்றால் நின்றுவிடுவார். காய்க்கடையில் அவள் நின்றால், தெரிந்தவரோடு பேச நின்றால், முள் குத்தி நின்றால், பத்தடி தள்ளி அந்த முதுகும் நிற்கும், மெதுவாகத் திரும்பும்.

அவள் நடந்தாள். ஓவியத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, மறு ஓரத்திலிருந்து இந்த ஓரம்வரை, கடைவீதியில் நடக்கும் அதே நடையில், டக், டக், டக் என்று நடந்தாள். காவல்காரி சாவிக்கொத்தைக் கையில் பொத்திக்கொண்டாள். ஓவியத்தில் பனி லேசாகத் தூறியது. முதுகு, நடக்கிற முதுகு மாதிரி கொஞ்சம் தளர்ந்தது, இடது தோள் ஏறி இறங்கியது. அவள் இன்னும் ஒரு முறை போய், இன்னும் ஒரு முறை வந்து, நடு அறையில் பெஞ்சுக்கு முன்னால் நின்றாள். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள்.

குற்றாலிங்கம் திரும்பினார்.

அந்த முகம்தான். இடது புருவத்தை வெட்டிய தழும்பு, சிறு வயதில் கேணியில் விழுந்தது. சற்றுப் பருத்த கீழுதடு. ஒரு நாள் சவரம் விட்டுப்போன நரைத்த தாடை. பனியில் சிவந்த காது. எப்படி மறந்தேன், எப்படி மறந்தேன் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். “வாங்க,” என்றாள். கையை நீட்டினாள்.

அவர் வரவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்து நின்றார். தலையைச் சற்றுச் சாய்த்தார். மூட்டைக்காரி மூட்டையை விட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்று, செண்பகவல்லியின் சேலைக் கரையைச் சுட்டிக்காட்டி என்னவோ சொன்னாள். சறுக்கிக்கொண்டிருந்தவர்கள் வேகத்தைக் குறைத்துக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போனார்கள். குற்றாலிங்கம் கையைப் பின்னால் கட்டியபடி குனிந்து, அந்தப் பக்கத்தில் அவளுக்குக் கீழே எழுதி மாட்டியிருந்த எதையோ உதடு அசைய வாசித்தார். பிறகு நிமிர்ந்தார். அங்கே நின்று பார்த்தால் இங்கேதான் சட்டம் இருக்கிறது, இங்கேதான் கண்ணாடி இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. பழைய அரண்மனை அறை, ஒரு பெஞ்சு, அதற்கு முன்னால் வெறுங்காலோடு ஒரு வயதான பெண்.

அவர் பார்த்தார். தெரிந்தவளைப் பார்ப்பதுபோல இல்லை, தெரியாதவளைப் பார்ப்பதுபோலவும் இல்லை. முதலில் நீட்டிய கையை, பிறகு கழுத்தை, பிறகு முகத்தை. ஒவ்வொன்றிலும் நின்று நின்று, அவசரமில்லாமல். பெண் பார்க்க வந்த அன்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்த வருஷங்களில் பார்க்க வேளை வரவில்லை. செண்பகவல்லி நீட்டிய கையை மெல்ல மடக்கி, பெஞ்சில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துத் தோளில் சரிசெய்தாள். காதோரம் பிரிந்த மயிரை ஒதுக்கினாள். பிறகு அசையவில்லை. குளிர் பாதத்திலிருந்து ஏறியது, முழங்கால்வரை ஏறியது, அதற்குமேல் ஏறியபோது அது குளிராகவும் இல்லை.

வெளியே பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது. ததேயுஸ் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“டீச்சர், பத்து அடிச்சாச்சு. எல்லாரும் ஏறியாச்சு. எந்திரிங்க.”

அவள் தலையைத் திருப்பாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள்:

“நீங்க போங்க தம்பி. அவுக பாத்துக்கிட்டு இருக்காக. நடுவுல எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்கும்?”